விளையாட்டு விழாவுக்கு என்ன தீம் வைப்பது? கடலூர் டீச்சருக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கடலூர் முதுநகர் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை 420 பிள்ளைகள். கேட்பவர் கணக்கு டீச்சர். பி.டி. சார் மாற்றலாகிப் போய்விட்டதால் இந்த வருஷம் விளையாட்டு விழா இவர் தலையில் விழுந்திருக்கிறது. மைதானம் 95 மீட்டருக்கு 55. கையில் 40,000 ரூபாய். "வித்தியாசமா ஒரு தீம் வைங்க, பிள்ளைங்க மறக்கவே கூடாது" என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். என்ன தீம், எந்த மாதம், சீஃப் கெஸ்டாக யாரைக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறார்.

டீச்சர், முப்பது வருஷம் விசில் ஊதியவன் என்பதால் முதலில் நான் சொதப்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் 'விண்வெளி' என்று தீம் வைத்தோம். மேடைக்குப் பின்னால் இருபது அடி ஃப்ளெக்ஸ், தெர்மகோலில் ராக்கெட், மார்ச் பாஸ்ட்டுக்கு வெள்ளித்தாள் தொப்பி. பாதி பட்ஜெட் அதிலேயே போனது. பதினொன்றரை மணிக்குக் கடல் காற்று கிளம்பியதும் ஃப்ளெக்ஸ் பாய்மரம் மாதிரி உப்பி, கட்டியிருந்த சவுக்குக் கழியோடு சாய்ந்தது. அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் சாமான் எடுத்து வைக்கும்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம், "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன். "நல்லா இருந்துச்சு சார். நான் பதினோரு தடவ தண்ணி குடிக்கப் போனேன்" என்றாள். அன்றைக்கு மைதானத்துக்குள் கால் வைத்தவர்கள் நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள். மிச்சப் பேரெல்லாம் ஷாமியானா ஓரத்தில் உட்கார்ந்து குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தத் தீமைக் கேட்டாலும் நான் ஒன்றுதான் பார்ப்பேன்: ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டால் தீம் மிச்சம் இருக்குமா? விண்வெளி, காடு, சூப்பர் ஹீரோ எல்லாம் பெரும்பாலும் இங்கேயே அடிபட்டுப் போகும். சாக்கு ஓட்டத்துக்கு 'நிலாப் பயணம்' என்று மைக்கில் பெயர் சொன்னாலும் பிள்ளைக்கு அது சாக்கு ஓட்டம்தான். விளையாடும் விதமே மாறினால்தான் அது தீம்.

ஊர்ச் சரக்கை எடுத்தால் இது சுலபம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது குதிரைக் காய்க்கு வேட்டி சட்டை மாட்டி 'தம்பி' என்று பெயர் வைத்தார்கள். சின்னப் பிள்ளைக்கும் பிடித்துப்போனது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டுகளுக்கு வேலு நாச்சியார் சின்னம், சிலம்பம் காட்சி விளையாட்டு. நம் மாவட்டத்திலும் சரக்குக்குக் குறைவில்லை. அதனால் என் யோசனை, ஆறுகளை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் ஹவுஸை ஒரு வருஷம் ஓரம் வைத்துவிட்டு, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, மணிமுத்தாறு, கொள்ளிடம் என்று ஐந்து அணி. அணிக்கு 84 பேர், கணக்கு கச்சிதமாக வருகிறது.

மார்ச் பாஸ்ட்டை எல்லோரும் ஒரே வாசல் வழியாக வந்து வட்டமடிப்பதாக வைக்க வேண்டாம். கிழக்கு ஓரத்தில் கோலமாவால் ஒரு நீளக் கோடு போடுங்கள், அது கடல். வடக்கிலிருந்து பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, தெற்குக் கோடியில் கொள்ளிடம், எல்லாம் மேற்கிலிருந்து தனித்தனி வழியில் வரட்டும். மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தாண்டி வெள்ளாற்றோடு கலந்துவிடும் இல்லையா? அந்த இரண்டு அணியும் பாதி மைதானத்தில் ஒன்றாகி, இரட்டை வரிசையாகக் கடலுக்குப் போகட்டும். அந்த இடத்தில் யார் முன்னே போவது என்று ஒத்திகையில் கட்டாயம் சண்டை வரும், வரட்டும். புவியியல் டீச்சர் ஒரு வாரம் நடத்துவதை பிள்ளைகள் இருபது நிமிஷத்தில் காலால் படித்துவிடுவார்கள்.

இனி விளையாட்டு. காலை 8 மணிக்கு ஐந்து அணியும் மைதானத்தின் ஐந்து இடங்களில் நிற்க வேண்டும். ஒரு இடத்தில் 20 நிமிஷம், அடுத்த இடத்துக்கு நகர 5 நிமிஷம். சரியாக 10 மணிக்கு எல்லா அணியும் எல்லாவற்றையும் விளையாடி முடித்திருக்கும். 84 பேரையும் 21 பேராக நாலு குழு பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கணக்கும் அணியின் மொத்தத்தில் சேர வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் இடம், குண்டு. தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஓரம் புனித டேவிட் கோட்டை இருக்கிறதே, அதை 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியது. அப்போது சென்னை கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு நூலும் சங்கிலியும் பிடிக்கவில்லை. பீரங்கியை நாலாபக்கமும் சுட்டு, குண்டு எட்டின தூரம்வரை உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. அப்படிச் சேர்ந்தவற்றைக் 'குண்டு கிராமங்கள்' என்பார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் "அந்த ஊர்க்காரங்கள யாரு சார் கேட்டாங்க?" என்பார்கள். வரலாற்று வகுப்பில் நான் கேட்ட நல்ல கேள்விகளில் ஒன்று அது.

விளையாட்டு எளிது. எறியும் கோட்டிலிருந்து 10, 15, 20, 25, 30 மீட்டரில் வளைகோடு. பழைய டென்னிஸ் பந்து. 10-ஐத் தாண்டினால் 1, 30-ஐத் தாண்டினால் 5. ஆறாம் வகுப்புக்காரர்கள் 5 மீட்டர் முன்னால் நின்று எறியலாம். ஆளுக்கு ஒரு எறிதான். விசில் ஊதினால் எறிய வேண்டும், மறு விசிலுக்குத்தான் பந்து பொறுக்கப் போக வேண்டும். இதில் மட்டும் கறாராக இருங்கள். பெரிய பையன்களுக்கான நிஜக் குண்டு எறிதலை இதோடு சேர்க்காமல் முந்தின வாரமே தனியாக முடித்துவிடுங்கள். கூட்டத்துக்கு நடுவே இரும்புக் குண்டு வேண்டாம்.

இரண்டாவது, கரைவலை. என் கைவசம் உள்ளதிலேயே நல்ல விளையாட்டு இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கடலில் வளைத்துப் போட்ட வலையை இரண்டு முனைக் கயிற்றையும் பிடித்துக் கரையிலிருந்து இழுப்பதை வெள்ளிக் கடற்கரைக்குப் போனபோது நீங்களே பார்த்திருக்கலாம். மைதானத்தில் அதையே செய்ய வேண்டும். 40 பழைய பந்துகளைப் பரப்பி, அதற்கு அந்தப் பக்கம் அரைவட்டமாக வலை. ஒரு முனைக்கு பத்துப் பேர், இன்னொரு முனைக்கு பத்துப் பேர், நடுவில் குரல் கொடுக்க ஒருவர். 15 மீட்டர் இழுத்துக் கோட்டைத் தாண்டும்போது வலைக்குள் எத்தனை பந்து இருக்கிறதோ அத்தனை புள்ளி.

முதல் தடவை நான் பழைய வாலிபால் நெட்டை வைத்துச் செய்து அசிங்கப்பட்டேன். இழுத்த உடனே நெட் மேலே எழும்பிவிட்டது, பந்தெல்லாம் அடியில் உருண்டு போனது. மூன்று தடவை இழுத்தும் நாலு பந்துகூடத் தேறவில்லை. பி.டி. பீரியடில் எப்போதும் வயிற்றுவலி என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து வந்தான். "சார், அடிக்கயிறு தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்புச்சுன்னா மீனு நிக்காது" என்றான். மறுநாள் வீட்டிலிருந்து ஈயக்குண்டு கோத்த ஒரு துண்டு வலையைச் சைக்கிள் கேரியரில் சுருட்டிக் கொண்டுவந்தான். இரண்டு சின்னப் பையன்களை வலைக்கு வெளிப்பக்கம் விட்டு, இழுக்க இழுக்க அடிக்கயிறு தூக்குகிறதா என்று பார்த்துக் கத்தச் சொன்னான். அவன் நடுவில் நின்று "ஏலேலோ" போட்டான், இரண்டு பக்கமும் "ஐலசா". அந்தத் தாளத்துக்கு இரண்டு கையும் ஒன்றாக வந்தது. முப்பத்தொரு பந்து.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பக்கம் பலசாலிகளாகப் போய் வேகமாக இழுத்துவிட்டால் வலை கோணிக்கொள்ளும், வாய் திறந்து பந்து வெளியே கொட்டும். அதனால் ஓட்டத்தில் எல்லா மெடலும் அள்ளுகிற அணி இதில் தோற்கும். தோற்று, ஏன் என்று புரியாமல் விழிக்கும். உங்கள் பள்ளி இருக்கும் இடத்துக்கு வலை கேட்டால் கிடைக்கும். கண்ணி சின்னதாக உள்ள பழைய வலையாகப் பாருங்கள், பெரிய கண்ணியில் கால் விரல் மாட்டும். கயிற்றை மட்டும் பிடித்து இழுக்கட்டும், வலைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது.

மூன்றாவது பண்ணுருட்டி. சாக்கில் தேங்காய் நார் திணித்து, அடியில் கொஞ்சம் மணல் போட்டு, மூன்று கிலோவுக்குப் 'பலாப்பழம்' தைத்துக்கொள்ளுங்கள். 21 பேர் வரிசையில் தலைக்கு மேல் ஒன்று, காலுக்கு இடையில் ஒன்று என்று கடத்த வேண்டும். கடைசி ஆள் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி வர வேண்டும். நாலு நிமிஷத்தில் எத்தனை சுற்று என்பதுதான் கணக்கு.

நான்காவது, தேர். பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேரைப் பார்த்த பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். இரண்டு லாரி டயரைச் சேர்த்துக் கட்டி, மேலே மணல் மூட்டை, முன்னால் இரட்டை வடம். 30 மீட்டர் இழுக்க வேண்டும். ஆனால் வழியில் மூன்று இடத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் தேர் நின்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தாண்டிப் போனால் 5 விநாடி அபராதம். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம் என்று தேர் இழுத்தவர்களுக்குத் தெரியும். சாமி படம் எதுவும் வேண்டாம். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிற இடம், அலங்காரம் காகிதப் பூவோடு நிற்கட்டும்.

ஐந்தாவது, மீட்பு. இரண்டு கம்பு, ஒரு போர்வை, அதில் ஸ்ட்ரெச்சர் கட்டி, பத்துக் கிலோ மணல் மூட்டையைக் கீழே போடாமல் தடைகளைத் தாண்டித் தூக்கிப் போக வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம் என்று நம் ஊருக்கு இது வேண்டிய பாடம்தான். ஆனால் சுனாமியை மட்டும் தீமாக்காதீர்கள். அலை மாதிரி நீலத் துணி ஆட்டுவது, சைரன் ஒலிப்பது எதுவும் வேண்டாம். உங்கள் பிள்ளைகள் 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள்தான், ஆனால் பார்க்க வரும் பாட்டிமார்கள் அப்படி இல்லை.

இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்ல வேண்டும்: ஓட்டப் பந்தயத்தில் தீமைக் கலக்காதீர்கள். நன்றாக ஓடுகிற பிள்ளைக்கு 80 மீட்டர், 200 மீட்டர், ரிலே எல்லாம் விளையாட்டு மட்டும் இல்லை. குறுவட்டம், மாவட்டம் என்று போகப்போகிறது அது. அதற்குத் தலையில் கிரீடம் மாட்டி ஓடவிடுவது துரோகம். ஹீட்ஸ் எல்லாம் முந்தின வாரம் பி.டி. பீரியடிலேயே முடிந்துவிட வேண்டும். விழா நாளில் ஃபைனல் மட்டும். மூன்று வயதுப் பிரிவு, ஆண் பெண் தனி, மூன்று ஓட்டம். ஆக 18 ஃபைனல். ஒன்றுக்கு 4 நிமிஷம் என்றால் 72 நிமிஷம்.

டிராக் போடுவதற்குப் பயந்திருப்பீர்கள். கணக்கு டீச்சருக்கு இது கைவந்த வேலை; பத்தாம் வகுப்பிடமே ஒப்படையுங்கள். உங்கள் மைதானத்தில் 200 மீட்டர் டிராக், ஆறு லேன், லேன் அகலம் 1 மீட்டர் வைத்தால் அழகாக அடங்கும். நேர்க்கோடு இரண்டும் 40 மீட்டர். மிச்சம் 120 மீட்டர் இரண்டு அரைவட்டம். 120-ஐ 2π-யால் வகுத்தால் ஆரம் 19.10. ஆனால் ஓடுகிறவன் கோட்டின் மேலேயே ஓடமாட்டான். சுண்ணக்கோடு மட்டும் போட்ட டிராக்கில் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளித்தான் தூரத்தை அளப்பார்கள். ஆகவே உள்கோட்டை 18.90-ல் போட வேண்டும். ஆறு லேனும் சேர்த்து நீளம் 89.8, அகலம் 49.8. சுற்றிலும் இரண்டரை மீட்டர் மிஞ்சும்.

200 மீட்டருக்கு ஸ்டேகர் எவ்வளவு, அதாவது வெளி லேன்காரனை எவ்வளவு முன்னே நிறுத்த வேண்டும் என்று பெரிய பெரிய அட்டவணையெல்லாம் கொடுப்பார்கள். வெளி லேன்காரனுக்கு ஆரம் 1 மீட்டர் கூடுகிறது, ஒரு முழுச் சுற்றில் 2π × 1, அதாவது 6.28 மீட்டர் அதிகம் ஓடுகிறான். அவ்வளவுதான். இரண்டாவது லேன் 6.28 முன்னே, மூன்றாவது 12.57, ஆறாவது 31.42. டிராக் பெரிதோ சிறிதோ, ஒரு சுற்றுக்கு இந்தக் கணக்கு மாறாது. ஆரம் எவ்வளவு இருந்தாலும் வித்தியாசம் ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பில் ஒரு பத்து நிமிஷம் சுவாரசியமாகப் போகும். ரிலேயை 4×100 வைத்தால் இந்த டிராக்கில் இரண்டு சுற்று வரும், ஸ்டேகரும் இரட்டிப்பாகும், பிள்ளைகள் குழம்புவார்கள். 4×50 போதும்.

கோடு போட சுட்ட சுண்ணாம்பை வாங்கிவிடாதீர்கள், கண்ணில் பட்டால் புண்ணாகும். கோலமாவு மூட்டையாகவே கிடைக்கும். நம் பக்கம் மண் மணல்பாங்கு, முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்துவிட்டுக் கோடு போட்டால் காலையில் நிற்கும். ஓட்டத்தைத் தொடங்க கிளாப்பரோடு (தட்டிச் சத்தம் எழுப்பும் கட்டை) ஒரு கொடியும் இருக்கட்டும். 80 மீட்டருக்கு அந்தப்பக்கம் நிற்பவர் காதை நம்பி ஸ்டாப்வாட்சை அமுக்கினால் கால் விநாடி பிந்திவிடும். கொடி இறங்குவதைப் பார்த்து அமுக்க வேண்டும்.

எப்போது என்று கேட்டீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நினைக்கவே வேண்டாம், வடகிழக்குப் பருவமழை நம் ஊரை விட்டுவைக்காது. ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு நாள், தியான் சந்த் பிறந்த நாள், பல பள்ளிகள் அன்றைக்கு வைக்கின்றன. ஆனால் வெயிலும் புழுக்கமும் இருக்கும், மாலையில் இடிமழையும் வரலாம். என் ஓட்டு பொங்கலுக்கும் குடியரசு தினத்துக்கும் பிறகு வரும் வாரத்துக்கு. பத்தாம் வகுப்பின் திருப்புதல் தேர்வு அட்டவணையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் 7.30-க்கு ஆரம்பித்து 12-க்குள் முடியுங்கள். 10 மணிக்கு எல்லோருக்கும் உப்புப் போட்ட மோர். பாதாம் பால் ஸ்பான்சர் வந்தாலும் மோர்தான்.

கயிறு இழுத்தல் இல்லாமல் விழாவா என்று ஹெச்.எம். கேட்பார். வையுங்கள், கடைசியில், அணிக்கு 8 பேர். நைலான் கயிறு வேண்டாம். இழுபட்டு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். துறைமுகப் பக்கம் கனமான நார் வடம் இரவல் கிடைக்கும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, இடுப்பில் கட்டக் கூடாது. பின்னால் நிற்கிறவன் "சார், சும்மா ஒரு சுத்து" என்பான், விடாதீர்கள். விரல் போன கதைகள் எல்லாம் அந்த ஒரு சுற்றில் நடந்தவை.

பணம். 40,000-ல் ஷாமியானா, மைக் செட், மோர், முதலுதவிப் பெட்டி, சர்டிபிகேட் போக மிச்சத்தைப் பரிசுக்கு வையுங்கள். ஃப்ளெக்ஸ் ஒன்றே ஒன்று, பெயரும் தேதியும் போதும். பிளாஸ்டிக் மெடலுக்குப் பதிலாக வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் சுட்ட மண்ணில் சின்ன வில்லைகள் சொல்லிப் பாருங்கள், ஒரு பக்கம் மீன், மறுபக்கம் ஆற்றின் பெயர். கொலு சீசனில் போகாதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஓட்டத்தில் ஜெயித்தவர்களுக்கு மட்டும் தூரமும் நேரமும் எழுதிய முறையான சர்டிபிகேட்.

சீஃப் கெஸ்ட் விஷயத்தில் எனக்குப் பெரிய கருத்து கிடையாது. யார் வந்தாலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் மைக் கொடுக்காதீர்கள், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்னால். ஆனால் வலை கொடுத்த பெரியவரைக் கட்டாயம் கூப்பிட்டு, கரைவலைக்கு அவரையே நடுவராக உட்கார வையுங்கள். பிள்ளைகள் தப்பாக இழுத்தால் அவரால் நாற்காலியில் உட்கார முடியாது, எழுந்து வந்துவிடுவார். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

விழா முடிந்த அன்றே வலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மணலை உதறி, சிக்கெடுத்து, நிழலில் உலர்த்திச் சுருட்ட வேண்டும். பிள்ளைகளில் நாலு பேருக்குச் சுருட்டத் தெரிந்திருக்கும், அவர்களிடம் விடுங்கள். எங்கேயாவது கண்ணி அறுந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு துணியை முடிந்து, "இங்கதான் அய்யா போச்சு" என்று காட்டிவிடுங்கள். அவர் அங்கேயே உட்கார்ந்து ஊசி எடுத்துப் பின்ன ஆரம்பிப்பார். அடுத்த வருஷமும் வலை கிடைக்கும்.